புதியது வந்தாச்சு, பழையதை எடுக்க ஆள் வரவில்லை: பயனீட்டாளருக்கான முழு வழிகாட்டி

வாங்கிய பொருள் கெட்டுப்போகிறது. கடைக்காரரிடம் முறையிட்டு, இரண்டு மூன்று முறை நடந்த பிறகு புதியதைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பழையதை மட்டும் ஏற்றுவதில்லை. "இன்றைக்கு லோரியில் இடமில்லை அண்ணே, அடுத்த நடையில் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த அடுத்த நடை வருவதே இல்லை.

மலேசியாவில், சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இது அன்றாடம் நடப்பது. தாமான் வீடுகளின் கார் நிறுத்துமிடத்திலும் தோட்டத்து லயத்தின் பின்கட்டிலும் யாருக்கும் சொந்தமில்லாதது போலக் கிடக்கும் சோபாக்களையும் துணி துவைக்கும் இயந்திரங்களையும் எண்ணிப் பார்த்தால் தெரியும். அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "ஆறு மாதம் ஆகிவிட்டால் நம்முடையதுதான், விற்றுவிடு" என்பார் ஒருவர். "கையை வைக்காதே, போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு.

சட்டப்படி நிலைமை இதுதான். அந்தப் பழைய பொருள் பெரும்பாலும் கடைக்காரருக்குச் சொந்தம். அதை எடுத்துப்போகும் செலவும் பெரும்பாலும் அவருடையது. நடுவில் நீங்கள் அதைப் பார்த்துக்கொள்பவர், அவ்வளவே. அந்த வேலையிலிருந்து உங்களை விடுவிப்பது கழிந்துபோன மாதங்கள் அல்ல, நீங்கள் தேதி போட்டு எழுதி அனுப்பும் அறிவிப்பு. இந்த வழிகாட்டியின் மையம் அந்த அறிவிப்புதான்.

லோரி ஏன் வருவதில்லை?

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சாமான் இறக்க வருபவர்கள் பல நேரம் கடையின் ஆட்களே அல்ல, ஒப்பந்தத்துக்கு ஓட்டும் லோரிக்காரர்கள். அவர்கள் கையில் இருக்கும் தாளில் இறக்குவதற்குத்தான் உத்தரவு இருக்கும். ஏற்றுவதற்குத் தனி உத்தரவு வேண்டும், அதைப் போட யாரோ மறந்திருப்பார்கள். சில நேரம் கதை வேறு. வரிசை எண் ஒட்டியிருக்கும் வில்லையின் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தயாரிப்பாளர் கடைக்காரருக்குக் கணக்கைத் தீர்த்துவிடுவார். அப்போது அந்தப் பழைய பொருள் கடைக்காரருக்கு ஒரு சென்னுக்கும் ஆகாது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு லோரி அனுப்பி, அங்கிருந்து செம்மண் சாலையில் தோட்டத்துக்குள் விட்டு, கெட்டுப்போன பெட்டியை ஏற்றிவர அவருக்கு என்ன அவசரம்?

இது தெரிந்திருந்தால் ஒரு நன்மை உண்டு. கடைக்காரருக்கே வேண்டாத பொருள் என்றால், "எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத்தில் வாங்குவது சுலபம். சண்டை போட வேண்டியதே இல்லை.

முதல் படி: உங்கள் கதை எந்த வகை?

எல்லாமே "பழையதை எடுக்கவில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் சட்டம் ஒவ்வொன்றையும் வேறு விதமாகப் பார்க்கிறது.

அதிகம் நடப்பது, பழுதான பொருளுக்குப் பதில் புதியது கொடுப்பது. இதற்கு 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அச்சட்ட எண் 599, அதே ஆண்டு நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. சரிசெய்யக்கூடிய குறை என்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி கேட்கலாம். சரிசெய்ய முடியாத குறை, அல்லது பெரிய குறை என்றால் பொருளையே வேண்டாம் என்று நிராகரிக்கலாம் என்கிறது 41ஆம் பிரிவு. நிராகரித்தால் பணத்தைத் திரும்பக் கேட்பதா, மாற்றுப் பொருள் கேட்பதா என்பது உங்கள் விருப்பம்.

நமக்கு முக்கியமானது 45ஆம் பிரிவு. நிராகரிக்கிறேன் என்று காரணத்தோடு நீங்கள் அறிவித்த அந்தக் கணமே பொருளின் உரிமை விற்றவரிடம் திரும்பிப்போகிறது. லோரி வந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொருளின் அளவாலோ உயரத்தாலோ, அதைப் பொருத்தியிருக்கும் விதத்தாலோ, குறையின் தன்மையாலோ, நீங்கள் பெரிய செலவில்லாமல் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்றால், விற்றவர்தான் தன் செலவில் வந்து எடுக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி, மூன்று பேர் உட்காரும் சோபா, சுவரில் மாட்டிய ஏர்கோன், எல்லாம் இதில் அடங்கும்.

இதே பிரிவுக்கு மறுபக்கமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. எளிதாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. சோறாக்கும் பானையும் இஸ்திரிப் பெட்டியும் மாற்றிக் கொடுத்தார்கள், பழையதை அவர்களே வந்து வாங்கிக்கொள்ளவில்லை என்று குறைப்பட முடியாது. பட்டணத்துக்குப் போகும்போது பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

நீங்கள் நிராகரிக்கவில்லை, பழுதுபார்க்க முடியாததால் அவர்களாகவே வாரண்டியில் வேறொன்றைக் கொடுத்தார்கள் என்றால், பழையது யாருக்கு என்பதை வாரண்டி அட்டையின் வாசகம் தீர்மானிக்கும். மாற்றிய பொருளும் பாகமும் தங்களுக்கே சொந்தம் என்று பொடி எழுத்தில் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ஒன்றும் எழுதவில்லை என்றாலும் கடைக்காரருடையது என்று வைத்து நடந்துகொள்வதே பத்திரம்.

அடுத்த வகை, தவறான பொருள் வந்தது அல்லது ஒன்றுக்கு இரண்டாக வந்தது. அது ஒருபோதும் உங்களுடையதாக ஆகவில்லை. 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இங்கே உதவும்: ஏற்க மறுக்கும் உரிமை உள்ள இடத்தில், வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்ல, ஏற்கவில்லை என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும். தெரிவிக்காமல் வாய்மூடிப் பயன்படுத்தினால் மட்டும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

கடைசி வகை, பழையதைக் கொடுத்துப் புதியதை விலை குறைத்து வாங்குவது. தீபாவளி விற்பனையில் இது நிறைய நடக்கும். இங்கே பழைய பொருள் உங்கள் பணத்தில் வாங்கி உழைத்துத் தேய்ந்தது, பழுதுக்காக நிராகரித்தது அல்ல. அவர்கள் தள்ளுபடியைக் கொடுத்துவிட்டார்கள் என்றால் அதை விலை கொடுத்து வாங்கிவிட்டார்கள். "எப்படியும் எடுக்க வரவில்லையே" என்று தம்பிக்குக் கொடுத்துவிட்டால், கொடுத்த தள்ளுபடியை அவர்கள் திருப்பிக் கேட்க நியாயம் உண்டு.

தனிநபரிடம் கைமாற்றாக வாங்கிய பொருளுக்குப் பயனீட்டாளர் சட்டம் பொருந்தாது. வியாபாரமாக விற்பவருக்குத்தான் அது.

இரண்டாம் படி: தாள்களைச் சேருங்கள்

ரசீது, வாரண்டி அட்டை, புதியதை இறக்கியபோது கையெழுத்துப் போட்ட தாளின் நகல், வாட்ஸ்அப் பேச்சுகள். ரசீதின் தாள் மைமறையும் வகை, ஒரு வருடத்தில் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.

பழைய பொருளின் வரிசை எண் வில்லையையும் புதியதின் வில்லையையும் தனித்தனியே படம் எடுங்கள். பழையதை நாலாபக்கமும் எடுங்கள், கீறல் இருந்தால் கிட்ட வைத்து எடுங்கள். "நாங்கள் வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது, நீங்கள் உடைத்துவிட்டீர்கள்" என்ற பேச்சு வரும்போது இந்தப் படங்கள் பேசும்.

ரசீதில் கடையின் பதிவு எண் இருக்கும். கடைப் பலகையில் உள்ள பெயர் ஒன்று, பதிவான நிறுவனப் பெயர் இன்னொன்றாக இருக்கலாம். கடிதத்திலும் பிறகு தீர்ப்பாயத்திலும் பதிவான பெயர்தான் வேண்டும்.

மூன்றாம் படி: எழுதி அனுப்புங்கள்

கடைக்கு நேரில் போய்ச் சொன்னேன், தவுக்கே (கடை முதலாளி) தலையாட்டினார், கல்லாவில் இருந்த பெண்ணிடம் இரண்டு முறை போனில் சொன்னேன் என்பதெல்லாம் நடந்தது உண்மையாகவே இருக்கலாம். பிறகு அதை நிரூபிக்க ஒரு வழியும் இல்லை. அந்தப் பெண் வேலையை விட்டுப் போயிருப்பார்.

முதலில் வாட்ஸ்அப்பில் சுருக்கமாகக் கேளுங்கள். "இந்தத் தேதியில் மாற்றிக் கொடுத்தீர்கள், பழையது இங்கேயே இருக்கிறது, எப்போது எடுக்க வருகிறீர்கள்?" என்பது போதும். மலாயில் அனுப்புவது நல்லது. "பிலா போலே அம்பில் பாராங் லாமா?" என்று கேட்டால் எந்தக் கடையிலும் புரியும், பின்னால் அதிகாரியிடம் காட்டவும் மொழிபெயர்க்க வேண்டியிருக்காது. இரண்டு நீலக் குறி விழுந்த பிறகு திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கடிதம். எத்தனை நாள் கெடு கொடுக்க வேண்டும் என்று பயனீட்டாளர் சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. சட்டம் திரும்பத் திரும்பப் பேசுவது நியாயமான காலத்தைப் பற்றி. என் கருத்தில், பட்டணத்துக்குள் இருக்கும் கடைக்கு 14 நாள், வெளியூர்க் கடைக்கு ஒரு மாதம் கொடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பெருநாள் காலமாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் கூட்டுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன். மலாயில் எழுத வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் அரை மணி நேர வேலை.

"இந்தத் தேதியில், இந்த ரசீது எண்ணில் உங்களிடம் வாங்கிய இந்தப் பொருள், இந்த மாடல், இந்த வரிசை எண், பழுதானது என்று உங்களிடம் தெரிவித்து நிராகரித்தேன். இந்தத் தேதியில் அதற்கு மாற்றுப் பொருள் கொடுத்தீர்கள். பழைய பொருள் இன்றுவரை என் வீட்டில் உள்ளது. இன்ன இன்ன தேதிகளில் எடுத்துச் செல்லும்படி கேட்டிருக்கிறேன். இந்தத் தேதிக்குள் உங்கள் செலவில் வந்து எடுத்துச் செல்லுங்கள். வார நாட்களில் மாலை 4 மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் வீட்டில் ஆள் இருக்கும். முன்தினம் அழைத்துச் சொன்னால் போதும். அந்தத் தேதிக்குள் எடுக்காமலும் பதில் சொல்லாமலும் இருந்தால், பொருள் உங்களுக்குத் தேவையில்லை என்று கொண்டு அப்புறப்படுத்துவேன். விற்று ஏதாவது பணம் கிடைத்தால், ஆன செலவு போக மீதியை உங்களுக்காக வைத்திருப்பேன்."

கடைசி வாக்கியத்தைப் பலர் எடுத்துவிடச் சொல்வார்கள். "கெட்டுப்போன பெட்டியை விற்று அவனுக்குக் காசு வேறா?" என்பார்கள். எடுக்காதீர்கள். அடுத்தவர் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்வதைத்தான் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு குற்றம் என்கிறது. உரியவருக்கு அறிவித்து, நாள் கொடுத்து, காசு கிடைத்தால் தருகிறேன் என்று எழுதியவரிடம் அந்த எண்ணம் இருந்தது என்று காட்டுவது மிகக் கடினம். ஒரே வரி, போலீஸ் பயம் தீர்ந்தது.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் நிலையத்தில் கொடுத்த சீட்டைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள். அதே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

வாடகை கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை ரிங்கிட் என்று நீங்களாக ஒரு தொகையைப் போட்டு மிரட்டுவதால் பயன் இல்லை, அந்தக் கணக்குக்குக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையாக ஆன செலவு வேறு விஷயம். தார்ப்பாய் வாங்கினீர்கள், வேறிடத்துக்கு மாற்ற ஆள் கூலி கொடுத்தீர்கள் என்றால், ரசீதோடு கேட்பதில் நியாயம் உண்டு.

நான்காம் படி: காத்திருக்கும் காலத்தில்

அடுத்தவர் பொருள் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 104ஆம் பிரிவில், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை ஒருவர் எவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மாதிரியான தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு. நீங்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதல்ல, உங்கள் தலையில் கட்டியது. ஆகவே அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க முடியாது. ஏர்கோன் அறையில் வைத்துப் பூட்ட வேண்டாம். அதற்காக வேண்டுமென்றே மழையில் தள்ளவும் கூடாது.

இடம் இருந்தால் கூரைக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். சோபாவுக்குள் பெரும்பாலும் மரச் சட்டம் இருக்கும். கரையான் ஏறினால் அது உங்கள் கதவு நிலைக்கும் போகும். கரையான் கண்டால் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள், "உடனே எடுங்கள்" என்று கேட்க அது வலுவான காரணம்.

துணி துவைக்கும் இயந்திரத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் தொட்டியிலும் பெட்டியின் பின்னால் உள்ள தட்டிலும் தண்ணீர் தேங்கும். அங்கே ஏடிஸ் கொசு முட்டையிட்டால், சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரி கடைக்காரரைத் தேட மாட்டார். வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் கம்பவுண்ட் அபராதம். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி 500 ரிங்கிட் வரை போடலாம். "இது என்னுடையது அல்ல, கடையினுடையது" என்ற பேச்சு அங்கே எடுபடாது. தண்ணீரை வடித்து, குழாயைக் கட்டி, கவிழ்த்தோ மூடியோ வையுங்கள்.

குளிர்பதனப் பெட்டி என்றால் பிள்ளைகள். ஒளிந்து விளையாட உள்ளே புகுந்துகொண்டு மூச்சு முட்டும் ஆபத்து உண்மையானது. கதவைக் கழற்றிவிடு என்று சொல்வார்கள். கழற்றினால் பொருளைச் சேதப்படுத்தியதாக ஆகலாம். கதவுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் திருப்பி வைத்து, கயிற்றால் இறுகக் கட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. பழையதைப் பயன்படுத்தாதீர்கள். "பாதி வேலை செய்கிறதே, கூல் தண்ணீருக்கு வைத்துக்கொள்வோம்" என்று கல்யாண வீட்டுக்குக் கடன் கொடுப்பது, கோயில் திருவிழாவில் பானம் வைக்கத் தூக்கிப் போவது, இதெல்லாம் உங்கள் வாதத்தைக் கெடுத்துவிடும். நிராகரித்த பொருளைச் சொந்தப் பொருள்போல் நடத்தினால், நிராகரித்தீர்களா என்பதே கேள்வியாகும்.

மாற்றிக் கொடுத்தது கைப்பேசியோ மடிக்கணினியோ என்றால், பழையதில் உள்ள படங்களையும் வங்கிச் செயலிகளையும் அழித்த பிறகே கொடுங்கள்.

ஐந்தாம் படி: எடுக்க வந்துவிட்டால்

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் திடீரென்று லோரி வந்து நிற்கும். வந்தவர் கடையின் ஆள்தானா என்று கடைக்குப் போன் போட்டு உறுதி செய்யுங்கள். பழைய இரும்பு எடுப்பவர் எவரோ கேள்விப்பட்டு வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டால், நாளைக்குக் கடைக்காரர் உங்களிடம்தான் கேட்பார்.

உறுதியானால், வரிசை எண்ணைக் குறித்து, "பழைய பொருளைப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளில் அவர் பெயர், லோரி எண், தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தயங்கினால் பொருள் ஏறும்போது லோரி எண் தெரிய ஒரு படம்.

ஏற்றுக்கூலி, போக்குவரத்துக் கட்டணம் என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய பொருளை எடுத்துப்போகும் செலவு விற்றவருடையது என்று 45ஆம் பிரிவே சொல்கிறது. லோரித் தம்பிகளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பது உங்கள் மனசு.

ஆறாம் படி: கெடு முடிந்தும் வரவில்லை

உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு கடைசி முயற்சி: "உங்களுக்கு வேண்டாமென்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள், நானே அப்புறப்படுத்திக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பத்தில் எத்தனை கடைகள் பதில் தரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எடுத்துப்போகும் செலவு மிச்சம் என்று கணக்குப் போடத் தெரிந்த கடைக்காரர் "ஓகே, பூவாங் சஜா" (தூக்கிப் போட்டுவிடுங்கள்) என்று அனுப்பிவிடுவார். அந்த இரண்டு சொல் போதும். அதற்குப் பிறகு பொருளை வைத்துக்கொள்வதும் கொடுப்பதும் விற்பதும் உங்கள் இஷ்டம்.

பதிலே இல்லை என்றால், இரண்டாவது கடிதம் அனுப்பி, அதிலும் தேதி போட்டு, அந்தத் தேதியும் போன பிறகு அப்புறப்படுத்தலாம். இதில் ஆபத்து முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பொருளின் மதிப்பைப் பொறுத்தது. கெட்டுப்போன மெத்தைக்கு யார் வழக்குப் போடப் போகிறார்கள்? அதே நேரம் ஒரு சின்னப் பாகம் மாற்றினால் ஓடக்கூடிய விலையுயர்ந்த தொலைக்காட்சி என்றால் பொறுமை நல்லது. அப்படியானால் அப்புறப்படுத்தாமல், கெடுத் தேதிக்குப் பிறகு அதை நீங்களே கொண்டுபோய்க் கடை வாசலில் ஆள் சாட்சியாக ஒப்படைத்துவிட்டு, லோரி வாடகையைக் கேட்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

விற்றால் எவ்வளவுக்கு, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுதி வையுங்கள். "சூராட் காபார் லாமா" (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரிக்காரர் ரசீது தர மாட்டார். ஆகவே அவர் காசு கொடுக்கும்போது பொருளோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியையும் ஏர்கோனையும் தெருவோரத்தில் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் வாயுவில் தீப்பிடிக்கும் வகையும் உண்டு, குழாயை வெட்டி எடுக்கத் தெரியாதவர் கையில் கொடுப்பது நல்லதல்ல. மின்கழிவு வாங்கும் அனுமதி பெற்ற நிலையங்கள் இருக்கின்றன, சுற்றுச்சூழல் துறையிடம் விசாரிக்கலாம். சோபா, மெத்தை போன்ற பெரிய குப்பைக்கு, சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டும்.

அந்த "ஆறு மாதம்" கதைக்கு வருகிறேன். 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் வழக்குப் போட ஆறு ஆண்டு என்று ஒரு கணக்கு உண்டு. அதையே யாரோ ஆறு மாதமாகக் குறைத்துவிட்டார்கள் போலும். ஆனால் அந்த ஆறு ஆண்டும் பொருள் உங்கள் வீட்டில் கிடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஓடுவதல்ல. உரியவர் கேட்டும் தர மறுத்தீர்கள், அல்லது விற்றுவிட்டீர்கள் என்றால் அந்த நாளிலிருந்துதான் கணக்கு. சும்மா கிடந்தது என்பதால் மட்டும் பொருள் உங்களுக்குச் சொந்தமாவதில்லை.

கடைக்காரர் திடீரென்று பணம் கேட்டால்

"பழையதைத் திருப்பித் தரவில்லை, ஆகவே புதியதற்கு முழு விலை கட்டு" என்று கேட்கும் கடைகள் உண்டு. அசரவேண்டாம். மாற்றுப் பொருள் சட்டம் உங்களுக்குக் கொடுத்த தீர்வு, அதற்குத் தனியாக விலை கிடையாது. பழையதை நீங்கள் அப்புறப்படுத்தியதால் அவருக்கு நட்டம் என்றால், அப்புறப்படுத்திய நாளில் அந்தக் கெட்டுப்போன பொருளுக்கு என்ன மதிப்போ அதைத்தான் கேட்க முடியும், கடையில் ஒட்டியிருக்கும் புது விலையை அல்ல.

ரசீதின் பின்புறம் "எடுக்காத பழைய பொருளுக்கு வாங்கியவரே பொறுப்பு" என்றோ, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்றோ அச்சடித்திருந்தால், அது சட்டம் தரும் உரிமையை அழிக்காது. ஒப்பந்தத்தில் எதை எழுதினாலும் பயனீட்டாளர் சட்டம் நிற்கும் என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது.

"புதியதின் வாரண்டியை ரத்து செய்கிறோம்" என்று மிரட்டினாலும் அதே பதில்தான். மாற்றிக் கொடுத்த பொருளுக்கும் தர உத்தரவாதம் உண்டு.

ஏழாம் படி: புகாரும் தீர்ப்பாயமும்

முதலில் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார். 1800-886-800 என்ற எண்ணில் அழைக்கலாம், இணையத்திலும் போடலாம். அதிகாரி கடைக்குப் போன் போட்டாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். எழுதத் துணை வேண்டுமானால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், தமிழில் பேசலாம்.

அதிலும் முடியாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும். கட்டணம் 5 ரிங்கிட். போராங் 1 என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து நேரிலோ இணையத்திலோ பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொதுவாக வக்கீல் வைக்க முடியாது, கடைக்காரருக்கும் அதே விதி. தோட்டத்துத் தொழிலாளியும் ஈப்போவின் பெரிய கடையும் ஒரே மேசையில் தாமே பேச வேண்டும். இதைவிட நல்ல ஏற்பாடு நமக்கு வேறில்லை. கடைக்காரருக்குப் பதில் எழுத 14 நாள். விசாரணை நாளில் அவர் வராவிட்டால் வராமலேயே தீர்ப்புச் சொல்லலாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமோ சிறையோ உண்டு.

பழைய பொருள் எடுக்காத ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பாயம் போக நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் சம்பளம் போகும், ஈப்போவுக்குப் பேருந்து வேறு. கடைக்காரர் உங்களிடமிருந்து பணம் பிடித்துவைத்திருந்தால், புதியதிலும் குறை இருந்தால், அல்லது கிடந்த பொருளால் உங்களுக்கு உண்மையான நட்டம் வந்திருந்தால் போங்கள். அப்போது கடிதம், சீட்டு, படங்கள், வாட்ஸ்அப் அச்சு எல்லாம் தேதி வரிசையில் கோப்பாக இருக்கட்டும்.

தவணையில் வாங்கியவர்களும் வீடு மாறுபவர்களும்

மாதத் தவணையில் வாங்கிய பொருளை மாற்றிக் கொடுத்தால், ஒப்பந்தத்தில் இன்னும் பழைய வரிசை எண்தான் இருக்கும். அதைத் திருத்தித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், இல்லாத பொருளுக்குத் தவணை கட்டுவதாகவும், கையில் இருப்பது கணக்கில் வராததாகவும் பின்னால் குழப்பம் வரும். வாடகைக் கொள்முதல் என்றால் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் உங்களுடையதே அல்ல, ஆகவே ஆறாம் படியில் சொன்ன அப்புறப்படுத்தும் யோசனை வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அதே அறிவிப்பை அனுப்பி, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "பொருளைத் திருப்ப வேண்டாம்" என்று செயலியிலேயே செய்தி வரும். அதைப் படம் பிடித்து வைத்தால் போதும், செயலியில் பழைய ஆர்டர்கள் எப்போதும் நிற்கும் என்று நம்பவேண்டாம்.

தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு பணி ஓய்வு பெறுபவர்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் தேதி கொடுத்ததும் அதைக் கடைக்குத் தெரிவியுங்கள். பழையது உங்களோடு புது வீட்டுக்கு வர வேண்டியதில்லை. காலி செய்யும் தேதியைப் போட்டு, அதற்கு முன்னால் எடுக்காவிட்டால் பொருள் தோட்டத்து வீட்டிலேயே நிற்கும் என்றும், தோட்ட அலுவலகத்தில் யாரிடம் பேச வேண்டும் என்றும் எழுதிவிட்டு, அலுவலகக் கிராணியிடமும் அந்தக் கடிதத்தின் ஒரு நகலைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.